நமது நோய் விபரத்துக்குப் பூட்டு எங்கே?

தோழர்களே,

தோட்ட டிஸ்பென்சரியில் பழைய பதிவுப் புத்தகம் போய்க் கணினி வருகிறது. வரட்டும். கர்ப்பிணித் தாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பும்போது அவரது பிரஷர் கணக்கு முன்கூட்டியே அங்கே போய்ச் சேருமானால் ஓர் உயிர் தப்பும். கணினியை நாம் எதிர்க்கவில்லை. பூட்டில்லாத கணினியைத்தான் எதிர்க்கிறோம்.

"தோட்டத்து ஆட்களின் நோய் விபரத்தைத் திருடி யாருக்கு என்ன லாபம்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் லயத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். காசநோய்க்கு மருந்து எடுப்பவர், குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போட்ட பெண், மருந்து குடித்துப் பிழைத்த பிள்ளை: இவர்களின் விபரம் வெளியே போனால் பெரட்டுக் களத்தில் தலைநிமிர்ந்து நிற்க முடியுமா? பேசிவைத்த கல்யாணம் நிற்கும். நிர்வாகத்தின் காதுக்கு எட்டினால் வேலை நாளும் குறையும்.

திருடனுக்குப் பணக்கார நோயாளிதான் வேண்டும் என்பதும் பொய். பின்லாந்தில் வஸ்டாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்திலிருந்து ஆயிரக்கணக்கான நோயாளிகளின் குறிப்புகள் களவு போயின. 2020 ஒக்டோபரில் திருடன் நோயாளிகளுக்கே தனித்தனியாகக் கடிதம் அனுப்பினான்: 200 யூரோ கொடு, பிந்தினால் 500, இல்லாவிட்டால் நீ வைத்தியரிடம் சொன்னதையெல்லாம் ஊருக்குச் சொல்வேன் என்று. கப்பம் கேட்க அவனுக்குச் செல்வம் தேவைப்படவில்லை. மனிதனின் வெட்கமே போதுமாக இருந்தது. அந்த வெட்கம் நமக்கும் உண்டு.

நம் நாட்டின் கதை என்ன? 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் வைத்திருந்த கிளவுட் தொகுதியைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்தின் அலுவலகங்களுக்கே அந்தக் கதி என்றால், மலையுச்சி டிஸ்பென்சரியில் இருக்கும் ஒற்றைக் கணினியின் கதி என்ன?

நமது அங்கத்தவர்கள் கண்டதைச் சொல்கிறோம். கணினித் திரையின் ஓரத்தில் கடவுச்சொல்லைத் துண்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பாவிக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை முடிவைப் போனில் படம் பிடித்து வட்சப்பில் அனுப்புகிறார்கள். இப்படி இருக்கும் இடத்தில் கள்ளன் பூட்டை உடைக்கத் தேவையில்லை. இதற்கு டிஸ்பென்சரி ஊழியரைத் திட்டிப் பயனில்லை. பயிற்சியும் கொடுக்காமல், ஆளும் கொடுக்காமல் கணினியை மட்டும் இறக்கியவர்களே பொறுப்பு.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விபரத்தை விசேட பாதுகாப்புக்குரியது என்கிறது. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம் என்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டியிருந்தும் தள்ளிப்போடப்பட்டன. சட்டம் வரும்வரை நோய் காத்திருக்காது. கள்ளனும் காத்திருக்க மாட்டான்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. டிஸ்பென்சரி ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல்லும், வேலை நேரத்தில் சம்பளத்துடன் பயிற்சியும் வேண்டும்.

2. காப்புப் பிரதியை இணையத்தோடு தொடுக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும்.

3. தோட்ட அலுவலகக் கணினியிலிருந்து நோயாளர் விபரத்தைப் பார்க்க முடியாதிருக்க வேண்டும். சுகவீனத் துண்டில் லீவு நாளை எழுதினால் போதும். நோயின் பெயர் துரைக்கு எதற்கு?

4. விபரம் களவு போனால் முதலில் அறிய வேண்டியவர் நோயாளியே. மூடிமறைக்கக் கூடாது.

நம் வீட்டையும் நாம் கூட்ட வேண்டும். நட்டஈட்டுக்காக அங்கத்தவர் கொண்டுவரும் வைத்தியக் கடிதங்கள் சங்கக் காரியாலய மேசைகளில் திறந்தே கிடக்கின்றன. அவற்றை இன்றே அலுமாரியில் வைத்துப் பூட்டுவோம். பிறகு நிர்வாகத்திடம் கேட்போம். அப்போதுதான் நமது குரலுக்குப் பலம் இருக்கும்.

கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தாலும் விடமாட்டோம். நமது உடம்பின் கணக்கை மட்டும் யார் கையிலோ விட்டுவிடலாமா? அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள், தோழர்களே!