இலவச லினக்ஸும் இணங்காத அச்சுப்பொறியும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. நிபந்தனைகளுடன் சிறிது கால நீடிப்பு வழங்கப்பட்ட போதிலும், அது தற்காலிக ஏற்பாடே. விண்டோஸ் 11 புதிய செயலியையும் டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியையும் கோருகின்றது. நல்ல நிலையிலுள்ள பல கணினிகள் இதனால் கைவிடப்படும் நிலைக்கு வந்துள்ளன.

இது அம்பாறைக் கரையோரத்தைப் பாதிக்காத விடயமன்று. கல்முனை முதல் அக்கரைப்பற்று, வினாயகபுரம், பொத்துவில் வரையிலான தமிழ், முஸ்லிம் பாடசாலைகளுக்குப் புதிய கணினி என்பது எளிதில் கிட்டும் பொருளன்று. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை, சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டியது. அதன்பின் இறக்குமதிப் பொருட்களின் விலை பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. எனவே, பழைய கணினிகளிலும் இயங்கக்கூடிய லினக்ஸ் போன்ற திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளை நாடுவது அறிவுடைமையே.

ஆயினும், லினக்ஸை நிறுவியவுடன் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. அச்சுப்பொறி இயங்காது, வருடி அசையாது, வைபை இணைப்புக் கிடைக்காது. காரணம், 'டிரைவர்' எனப்படும் சாதனச் செலுத்தி. பணிசெயல் முறைமையின் கட்டளையைச் சாதனத்துக்குப் புரியும் வடிவில் கொண்டுசெல்வது அதுவே. பல உற்பத்தியாளர்கள் அதனை விண்டோஸுக்கு மட்டுமே எழுதுகின்றனர். சாதனத்தின் தொழில்நுட்ப விபரங்களையும் வெளியிடுவதில்லை. விபரங்கள் வெளியிடப்படின், லினக்ஸுக்கான செலுத்தியை எழுதி நீண்டகாலம் பேண முடியும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றுவாயிலேயே ஓர் அச்சுப்பொறி நிற்கின்றது. 1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்திலிருந்த ஸெரொக்ஸ் அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்த முற்பட்ட ரிச்சர்ட் ஸ்டோல்மனுக்கு அதன் மூலநிரல் மறுக்கப்பட்டது. அந்த அனுபவம் 1983இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கு ஒரு தூண்டுதலாயிற்று. 2012இல் என்விடியா நிறுவனத்தின் ஒத்துழையாமையை லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்நிறுவனம் தனது கருநிலைச் செலுத்திகளின் மூலநிரலை வெளியிட்டது 2022இல்தான். பெரும் ஆளுமைகளுக்கே பத்தாண்டுகள் தேவைப்பட்டன எனில், தனியொரு பாடசாலையின் கோரிக்கைக்கு எவர் செவிசாய்ப்பர்?

ஆனால், மொத்தமாக வாங்குவோரின் குரலை உற்பத்தியாளர்கள் புறக்கணிக்க முடியாது. தமிழ்நாட்டில் 2011இல் ஆரம்பிக்கப்பட்ட இலவச மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள், விண்டோஸுடன் இந்தியத் தயாரிப்பான பொஸ் லினக்ஸையும் கொண்டே வழங்கப்பட்டன. கேரள அரச பாடசாலைகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தமக்கான முறைமையையே பயன்படுத்துகின்றன. அங்கு எந்தக் கணினியை வாங்குவது என்ற கேள்வியோடு, அது லினக்ஸில் இயங்குமா என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகின்றது.

இங்கும் அதுவே வழியாகும். திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனைக் கல்வி வலயங்கள் தனித்தனியே கேட்பதைவிட, "லினக்ஸில் இயங்கிக் காட்டப்பட வேண்டும்" என்ற ஒரே நிபந்தனையைத் தத்தம் விலைமனுக் கோரல்களில் சேர்த்துக்கொள்ளலாம். நன்கொடையாளர்களுக்கும் அதனை அறிவிக்கலாம். யூ.எஸ்.பி. சேமிப்பானிலிருந்து லினக்ஸை நிறுவாமலே இயக்கி, கொள்வனவுக்கு முன்பே சாதனத்தைச் சோதிக்க முடியும். தனிச் செலுத்தி இன்றியே இயங்கும் அச்சுப்பொறிகளும் இன்று சந்தையில் உள்ளன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கணினித்துறை மாணவர்கள், சோதித்தறிந்த சாதனங்களின் பட்டியலொன்றைத் தமிழில் தயாரித்தளிப்பின் அது இரு சமூகங்களுக்கும் செய்யும் பெருஞ்சேவையாகும்.

பணிசெயல் முறைமை இலவசமாகக் கிடைக்கலாம். அதற்கு இணங்காத சாதனத்தை வாங்கிவிட்டு, பின்னர் லினக்ஸைக் குறைகூறிப் பயனில்லை. தீர்மானம் எடுக்கவேண்டிய வேளை, கணினி கூடத்துக்கு வந்துசேர்ந்த பின்னரன்று. கொள்வனவுப் பத்திரத்தில் ஒப்பமிடுவதற்கு முன்னராகும்.