பின்பலகைக்கும் மானியம் வேண்டும்

கீரப்பாளையத்தில் கடல் கிடையாது. வீராணத்துத் தண்ணீர் பாயும் நெல் வயல்தான் சுற்றிலும். சேத்தியாத்தோப்பு சாலையோரம் இருக்கும் என் பட்டறைக்கு வருவதெல்லாம் பம்புசெட்டும் பவர் டில்லரும்தான் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் இருபது வருஷமாக என் வேலையில் சரிபாதி கடல் வேலை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கிள்ளை, முடசல் ஓடை, அன்னங்கோயில் கரைகளுக்கு ஃபைபர் படகுகள் வரிசையாக வந்து இறங்கின. கூடவே சின்ன டீசல் இன்ஜின்களும் வந்தன. கட்டுமரத்தில் துடுப்பும் பாயும் பிடித்தவர்கள் கையில் திடீரென்று இன்ஜெக்டரும் பம்பும். ரிப்பேர் பார்க்க ஆள் போதவில்லை. பழைய வேட்டித் துணியில் இன்ஜெக்டரைச் சுற்றிக்கொண்டு, சிதம்பரத்தில் பஸ் மாறி என் பட்டறைக்கு வந்தார்கள். வயலில் ஓடுகிற டீசலும் கடலில் ஓடுகிற டீசலும் அடிப்படையில் ஒன்றுதான். அப்படித்தான் நான் கடலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது அந்த இன்ஜின்களைக் கழற்றச் சொல்லி அழைக்கிறார்கள். டீசலை எடுத்துவிட்டு, படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் வைத்துக் கொடு என்கிறார்கள். இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மாற்றுவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றுகிற விதம்தான் ஆளைக் கொல்லும்போல் இருக்கிறது.

முதலில், ஏன் கேட்கிறார்கள்? இன்போர்டு படகில் இன்ஜின் உள்ளே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஷாஃப்ட் ஒரு குழாய் வழியாகப் படகின் அடியைத் துளைத்து வெளியே போகும். நுனியில் விசிறி, அதற்குப் பின்னால் சுக்கான். இவையெல்லாம் படகின் வயிற்றுக்குக் கீழே தொங்குகின்றன, தூக்க முடியாது. வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரத்திலோ மணல் ஏறிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் உள்ளே வந்தால் விசிறி மணலில் இடிக்கும், ஷாஃப்ட் வளையும். வளைந்த ஷாஃப்ட் குழாய் வாயைத் தின்னும், அங்கிருந்து தண்ணீர் கசியும். கசிவை நிறுத்த, குழாய் வாயில் இருக்கும் கிளாண்டில் கிரீஸ் கயிறு திணித்துத் திணித்து என் விரல் நுனி காய்த்துப் போயிருக்கிறது. அவுட்போர்டு என்றால் மோட்டாரைக் கையால் சாய்த்தால் விசிறி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். இன்ஜின் பெட்டி இருந்த இடத்தில் இன்னும் ஒரு வலை போடலாம். ஆசைப்படுவதில் ஒரு குறையும் இல்லை.

முடசல் ஓடையில் எனக்கு ரொம்ப நாள் பழக்கமான அண்ணன் ஒருவர் இருக்கிறார். 28 அடி ஃபைபர் படகு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "தம்பி, வருஷத்துக்கு மூணு ஷாஃப்ட் மாத்த இனிமே என்னால ஆவாது. இதைத் தூக்கிப் போட்டுட்டு அவுட்போர்டு வச்சிக் கொடு" என்றார். மோட்டார் அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். கடையில் கைவசம் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் இறங்குகிற மோட்டார் காலின் நீளம் 15 அங்குலம். அவர் படகில் மோட்டாரை மாட்ட வேண்டிய பின்பலகையின் உயரமோ 21 அங்குலம். அப்படியே மாட்டினால் விசிறி தண்ணீரில் பாதிதான் முங்கும், காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். நான் என்ன செய்தேன்? கட்டிங் மெஷினை எடுத்துப் பின்பலகையின் நடுவில் ஆறு அங்குலம் பள்ளமாக நறுக்கினேன். மோட்டார் கச்சிதமாக உட்கார்ந்தது. ஷாஃப்ட் குழாய் இருந்த ஓட்டையில் மர ஆப்பு அடித்து மேலே பசை பூசினேன். ஒரே நாள் வேலை. அண்ணனுக்குச் சந்தோஷம், எனக்கும்தான்.

ஐப்பசி கடைசியில் ஒரு விடியற்காலை, வலை எடுத்துக்கொண்டு மூன்று பேர் திரும்பி வருகிறார்கள். ஆற்றில் வெள்ளம், எதிரே கடல் கொந்தளிப்பு. முகத்துவாரத்தில் அலை முதுகுப்பக்கமாக வரும். வேகத்தைக் குறைத்த நேரத்தில் பின்னால் வந்த ஒரு அலை, நான் நறுக்கிய அந்தப் பள்ளத்தின் வழியாக நேரே உள்ளே ஏறியது. பின்பக்கம் அமுங்கியது. அடுத்த அலைக்குப் படகு கவிழ்ந்தது. பின்னால் வந்த படகுக்காரர்கள் மூன்று பேரையும் தூக்கிவிட்டார்கள். வலையும் மோட்டாரும் போயின. மறுநாள் படகைக் கரைக்கு இழுத்தபோது பார்த்தேன். ஆப்பும் கழன்றிருந்தது. பின்பலகை மோட்டார் கிளாம்பு பிடித்த இடத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தப் பலகையைப் பிளந்தது கடல் அல்ல, என் அறியாமை. அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பாரம்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், கேட்டேன், அளந்தேன். இன்போர்டு படகின் பின்பலகை சுக்கானைப் பிடிக்க மட்டும் செய்தது. இரண்டு பக்கம் ஃபைபர் தோல், உள்ளே ஒன்றும் கிடையாது. அவுட்போர்டு வந்தால் மோட்டாரின் கனம், அது தள்ளுகிற விசை, அலையில் குதிக்கும்போது விழுகிற அடி எல்லாம் அந்த ஒரு பலகையில்தான். உள்ளே மெரைன் பிளைவுட் வைத்துக் கனப்படுத்த வேண்டும். அங்கிருந்து படகின் அடிக்கட்டைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஷாஃப்ட் ஓட்டையை ஆப்பு அடித்து மூடவே கூடாது. படகு ஓட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்கு ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, உள்ளும் புறமும் அடுக்கடுக்காக ஃபைபர் போட்டால்தான் பழைய ஓட்டோடு ஒன்றாகும். மோட்டாரில் விசிறிக்கு மேலே ஒரு தட்டைத் தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்கு நேராக, அல்லது ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். அதற்கு ஏற்ற கால் நீளத்தில் மோட்டாரை வாங்க வேண்டுமே தவிர, மோட்டாருக்காகப் படகை வெட்டக் கூடாது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், உள்பக்கம் முழு உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, நடுவில் தொட்டி மாதிரி விட்டு, அதிலிருந்து தண்ணீர் வெளியே ஓட இரண்டு பக்கமும் துளை வைக்க வேண்டும். நாங்கள் அதைக் கிணறு என்கிறோம். அலை ஏறினாலும் கிணற்றோடு நின்று வெளியே போய்விடும்.

கனக் கணக்கு வேறு. கியரோடு நூறு கிலோவுக்குமேல் இருந்த டீசல் போய்விட்டு, நாற்பது கிலோ மோட்டார் கடைசி நுனிக்கு வருகிறது. அங்கேயே ஓட்டுகிற ஆளும் எண்ணெய்க் கேனும். முன்பக்கத்து அணியம் தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் உட்காரும். ஐஸ் பெட்டியை முன்னால் நகர்த்தி மட்டம் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பழைய இன்ஜின் பெட்டி காலியாக இருக்கிறதே என்று பெட்ரோல் கேனை அதற்குள் வைக்கிறார்கள். டீசல் அங்கே ஆவியாகாது, பெட்ரோல் ஆவியாகும். ஆவி காற்றைவிடக் கனம், மூடிய பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பீடி நெருப்பு போதும். தயவுசெய்து கேனைக் காற்றாட மேலேயே வையுங்கள்.

செலவுக்கு வருகிறேன். பத்துக் குதிரைத்திறன் டீசல் முழு வேகத்தில் மணிக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும். அதே திறனுள்ள டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஐந்து லிட்டருக்குப் பக்கம் குடிக்கும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓடினால் 10 லிட்டர் டீசலுக்குப் பதில் 20 லிட்டர் பெட்ரோல். பங்க் விலைக்கே போட்டாலும் நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குமேல் கூடுதல். ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினால் எண்ணெய் குறையும், விலை ஏறும். எங்கள் கரையில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். ஆகவே இது படகு வைத்திருப்பவர் கவலை மட்டும் இல்லை, கூட வருகிற ஆளின் வீட்டு அரிசியிலும் கை வைக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், மோட்டார் நாட்டுப்படகுகளுக்கு வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆகவும், மானிய மண்ணெண்ணெய் 3,400-லிருந்து 3,700 ஆகவும் உயர்த்தப்பட்டன. நல்ல காரியம். ஆனால் டீசலிலிருந்து பெட்ரோலுக்கு மாறுகிறவர் அந்த டீசல் சலுகையைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறார். மாறுவதற்கு முன்னால் இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை.

எண்ணெயை நம்பி வாழ்கிற மோட்டார் எவ்வளவு சீக்கிரம் கரையேறும் என்று பக்கத்திலேயே பார்த்தோம். இலங்கையில் சின்ன ஃபைபர் படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெய் அவுட்போர்டில் ஓடுபவை. 2022-ல் அங்கே எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனது. படகு நன்றாக இருந்தும் தொழிலுக்குப் போக முடியாமல் உட்கார்ந்தார்கள்.

டீசலை வைத்துக்கொண்டே விசிறியைத் தூக்க வழி இல்லையா என்று கேட்டால், இருந்தது. 1979-ல் சென்னையில் தொடங்கிய, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் எண்பதுகளில் அலைக்கரையில் ஏற்றும் படகுகளை வடிவமைத்தது. நார்வேக்காரரான ஓய்விண்ட் குல்பிரான்ட்சன் அதில் முக்கியமானவர். டீசல் இன்ஜினையும் ஷாஃப்டையும் விசிறியையும் ஒரே பெட்டியில் கோத்து, கரை தட்டும்போது மொத்தமாகச் சாய்த்து விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு. அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு அடித்துக்கொண்டது. நம் கரைக்காக, சென்னையில் உட்கார்ந்து யோசித்த விஷயம். நாற்பது வருஷம் கழித்து நாம் பின்பலகையை நறுக்கிக்கொண்டிருக்கிறோம். கனமான வலையோடு போகிற பெரிய படகுகளுக்கு இந்த மாதிரி தூக்கும் டீசலையே நான் சொல்வேன். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றித் தள்ளுகிற தள்ளு, வேகமாகச் சுற்றும் சின்ன விசிறிக்கு வராது. இரண்டு பேர் நண்டு வலையோடு போகிற இலகுவான படகுக்கு அவுட்போர்டு தாராளமாக வைக்கலாம்.

அரசு நாட்டுப்படகு இன்ஜினுக்கு 40 சதவீத மானியம் தருகிறது. அது இன்ஜின் விலைக்கு. படகு அதைத் தாங்குமா என்று அளந்து பார்க்கிற வேலைக்கும், தாங்கும்படி மாற்றுகிற வேலைக்கும் பணம் இல்லை. அதனால்தான் மோட்டாருக்கு லட்சம் போட்டவர், பின்பலகைக்கு இரண்டாயிரத்தில் முடித்துக் கொடு என்கிறார். மானிய விண்ணப்பத்தோடு பின்பலகை உயரம், படகின் நீளம், சுமை எல்லாம் அளந்த தாள் ஒன்று கட்டாயமாக இருக்கட்டும். அளவுக்கு ஏற்ற கால் நீளத்தில்தான் மோட்டார் தர வேண்டும். ஃபைபர் வேலைக்கும் அதே விகிதத்தில் மானியம் சேரட்டும். சென்னையில் மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் கிளை 1968 முதல் இருக்கிறது, கப்பல் ஃபிட்டர் படிப்பெல்லாம் நடத்துகிறது. அவர்கள் பத்து நாள் எங்கள் பக்கம் பரங்கிப்பேட்டைக்கு வந்து, ஒரு இறங்குதளத்துக்கு ஒரு பையன் வீதம் கற்றுக்கொடுத்தால், என்னைப்போல் ஒருவன் ஆள் உயிரில் பாடம் படிக்க வேண்டியிருக்காது.

எல்லாவற்றுக்கும் முந்தியது முகத்துவாரம். அது வருஷம் முழுக்க ஆழமாக இருந்தால், என்னிடம் டீசலைக் கழற்றச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் கேட்கவே மாட்டார்கள்.

அந்த அண்ணன் கடன் வாங்கி மறுபடியும் மோட்டார் வாங்கினார், இந்தத் தடவை 20 அங்குலக் கால். படகை வெயிலில் கவிழ்த்துப் போட்டு, ஈரம் காய்வதற்கே ஒன்பது நாள் விட்டோம். பின்பலகையை முழுதாகப் பிரித்து, இரண்டு பிளைவுட் வைத்து, முட்டுக் கொடுத்து, கிணறு கட்டினோம். இருபத்தாறு நாள் ஆனது. ஆற்றில் மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, நானும் கூடவே முகத்துவாரம் வரை போனேன். திரும்பும்போது பின்னால் வந்த அலை எழும்பிக் கிணற்றில் விழுந்தது. தண்ணீர் ஒரு நொடி அதில் தளும்பி நின்று, இரண்டு துளை வழியாகவும் சளசளவென்று வெளியே போனது. அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மோட்டாரைப் பிடித்துக்கொண்டார். பிளைவுட், ரெசின், ஃபைபர் துணி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். அதை எழுத மானிய விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.