எல்லைக்கோட்டின் இருபுறமும் சதாரம்

சதாரம் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் மேடையேறிய நகைச்சுவை இசை நாடகம். கன்னடத்தில் அதன் பெயர் ‘சதாரமே’, மலையாளத்தில் ‘சதாராம’. புராணத்தையும் வரலாற்றையும் தொடாத கற்பனைக் கதை அது. இளவரசன் ஒருவன் வணிகர் வீட்டுப் பெண் சதாரத்தின் மேல் காதல் கொள்கிறான். பெண் வேண்டுமானால் நாட்டைக் கொடு என்கிறது பெண் வீட்டாரின் பேராசை. அவனும் கொடுத்துவிடுகிறான். காட்டு வழியில் இருவரும் பிரிகிறார்கள். திருடன் கையில் சிக்கும் சதாரம் நயமாகப் பேசியே அவனை ஏமாற்றித் தப்புகிறாள். ஆண் வேடம் பூண்டு அரசுப் பொறுப்பு வரை உயர்ந்து, கடைசியில் கணவனோடு சேர்கிறாள். ஆண்பிள்ளைகள் எல்லாரும் அசடு வழிய, அறிவோடு நடந்துகொள்பவள் அவள் ஒருத்திதான். நாடகத்தின் சிரிப்பு முழுவதும் இங்கிருந்தே பிறக்கிறது.

நாடகத்தின் வேர் எங்கே என்பதற்கு ஒரு தடயம் கேரளத்தில் கிடைக்கிறது. கே.சி. கேசவ பிள்ளை சதாராமவை எழுதியது 1903இல். தமிழ்க் கம்பெனிகள் திருவிதாங்கூரில் சுற்றிவந்து நாடகம் போட்ட காலம் அது. அந்தத் தமிழ் மேடையைப் பார்த்தே அவர் தம் நாடகத்தை அமைத்தார். ஆகவே 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சதாரக் கதை தமிழ் மேடையில் ஊன்றிவிட்டது என்று கொள்ளலாம். கன்னடத்தில் இதை எழுதியவர் பெள்ளாவே நரஹரி சாஸ்திரி. அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது 1884இல் தொடங்கிய குப்பி நாடகக் கம்பெனி.

அந்தக் கம்பெனிக்குப் பின்னாளில் உரிமையாளரான குப்பி வீரண்ணா (1891–1972), திருடன் வேடத்தாலேயே பெயர் பெற்றார். நாயகன், நாயகி இருக்க, திருடனைப் பார்க்கக் கூட்டம் வந்தது என்பது இந்த நாடகத்தின் தனித்தன்மை. கம்பெனி மேடையின் அமைப்பும் அதற்குத் துணைநின்றது. தெருவோ காடோ தீட்டிய படுதாவை முன்னால் இறக்கிவிட்டு, அதன் பின்னே தர்பார் காட்சிக்கான சிம்மாசனத்தையும் தூண்களையும் ஆட்கள் அடுக்குவார்கள். அந்தச் சத்தம் சபைக்குக் கேட்காதபடி, படுதாவுக்கு முன்னே கிடைத்த நாலடி இடத்தில் நின்று பேசியும் பாடியும் ஆடியும் நேரத்தை நிரப்புவது நகைச்சுவை நடிகரின் வேலை. ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் ஆர்மோனியக்காரர் மெட்டை மறுபடி எடுப்பார், காட்சி நீளும். காட்சி மாற்றத்தின் அவசரத்துக்காக ஏற்பட்ட இடைவெளியே நாடகத்தின் உயிராகிப்போனது.

பாட்டும் சிரிப்பும் ஒரே மாதிரி பயணம் செய்வதில்லை. கர்நாடக இசையிலோ பார்சி நாடக மெட்டிலோ அமைந்த பாட்டு, சொல் புரியாத ஊரிலும் எடுபடும். நகைச்சுவை அப்படியல்ல, அந்தந்த ஊர்ப் பேச்சில், அந்த ஊர்க் கடைக்காரரையும் கணக்கரையும் தொட்டுப் பேசினால்தான் சபை சிரிக்கும். எனவே சதாரம் போன இடமெல்லாம் கதை அப்படியே இருக்க, வசனம் மட்டும் புதிதாகப் பிறந்தது. அச்சில் ஏறாத அந்த வசனத்தைத்தான் நாடக வரலாறுகள் அதிகமாகத் தவறவிட்டிருக்கின்றன. அந்தந்த மொழி வரலாறு நாடகத்தைத் தன்னுடையதாக மட்டும் எழுதிக்கொண்டதும் பெரிய குறை.

திரைப்படமும் இதே இரட்டைப் பாதையில் சென்றது. 1935இல் ராஜா சந்திரசேகர் கன்னடத்தில் சதாரமேயை எடுத்தார், வீரண்ணா நடித்தார். அதே ஆண்டில் தமிழில் கே. சுப்ரமணியம் இயக்கத்தில், எஸ்.டி. சுப்புலட்சுமி நடிக்க, நவீன சதாரம் வந்தது. பெயரில் ‘நவீன’ என்று சேர்க்க வேண்டியிருந்தது என்றால், பழைய சதாரம் மக்களுக்கு எவ்வளவு பழகியிருக்க வேண்டும்! மறுபடியும் 1956இல் இரு மொழிகளிலும் படம். தமிழில் ஜெமினி கணேசன், பானுமதி. கன்னடத்தில் கல்யாண் குமார், சௌகார் ஜானகி.

மொழிவாரி மாநிலங்கள் அமைந்ததும் அந்த 1956ஆம் ஆண்டில்தான். கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி, இரு மாநில நாடக வரலாறுகளுக்கும் ஓரமாகிப்போனது. 1970களில் ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் வந்தன. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் வேலைக்குப் போய்வரும் இவ்வூர் மக்களுக்குச் சதாரத்தின் இரண்டு வடிவமும் புரியும். இந்த வசதி சென்னைக்கும் இல்லை, பெங்களூருவுக்கும் இல்லை.

சிரிப்புக்கு இந்த ஓசூர்ப் பகுதியில் சொந்த மரபும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடக்கின்றன. திரைக்கு முன்னே வந்து வேடக்காரர்களை விசாரித்து, ராஜாவையே கிண்டல் செய்யும் கட்டியக்காரன், கம்பெனி நாடகத்தின் பபூனுக்கு மூத்தவன். இரவு ஷிப்ட் உள்ள ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்ப்பது கடினம்தான். கட்டியக்காரனின் பேச்சை ஒலிப்பதிவு செய்து வைப்பது அவ்வளவு கடினமல்ல.

கன்னட மேடையில் சதாரமே இன்னும் மறையவில்லை. வீரண்ணாவின் பேத்தி பி. ஜெயஸ்ரீ, தாத்தாவின் திருடன் வேடத்தைத் தாமே ஏற்று நடித்துப் புதிய தலைமுறையைச் சிரிக்க வைத்தார். பெண்ணொருத்தி ஆணாக மாறி ஆளும் கதையில், பெண்ணே திருடனாக வந்தது பொருத்தமான மரபு மீறல். தமிழில் இதற்கு நிகரான முயற்சி தேவை. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும் கர்நாடக நாடக அகாதெமியும் சேர்ந்து, ஓசூரில் ஓர் இரவு தமிழ்ச் சதாரத்தையும் மறு இரவு கன்னடச் சதாரமேயையும் மேடையேற்றலாம். இரண்டின் நகைச்சுவை வசனங்களையும் பாட்டு மெட்டுகளையும் பதிவு செய்து, ஒப்பிட்டு அச்சிடும் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.