டி46 என்னும் குறியீடும் ஒரு நோயின் பெயரும்

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடமொன்றில் பணிபுரியும் ஒருவர், சில மாதங்களுக்கு முன் தம் தந்தையின் கோப்புடன் என்னைக் காண வந்தார். தந்தைக்கு மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்னும் எலும்பு மஜ்ஜை நோய். மூன்று வாரங்களுக்கொரு முறை இரத்தம் ஏற்ற வேண்டியுள்ளது. குடும்பத்தார் எடுத்திருந்த தீவிர நோய்க் காப்பீட்டில் புற்றுநோய்க்கு மொத்தத் தொகை உண்டு. ஆனால், டி46 என்ற குறியீட்டைச் சுட்டிக்காட்டி, இது தன்மை அறியப்படாத கட்டிவகை என்று கூறி, அத்தொகை மறுக்கப்பட்டிருந்தது. “புற்றுநோய் வகை என்று நீங்கள்தானே சொன்னீர்கள், சார்? காகிதம் இல்லை என்கிறதே” என்று அவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் வழங்கியுள்ளது. அந்தப் பட்டியலின் பத்தாம் பதிப்பு, அதாவது ஐ.சி.டி.-10, 1990ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோமும் (டி46), சிவப்பணுக்கள் மிகுந்துபோகும் பாலிசைதீமியா வேராவும் (டி45), அதில் ‘தன்மை உறுதியற்ற அல்லது அறியப்படாத கட்டிகள்’ என்ற தலைப்பின்கீழ் வைக்கப்பட்டன. அக்கால அறிவு அவ்வளவே. 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இரத்தப் புற்றுநோய் வகைப்பாடு இவற்றைப் புற்றுநோய் வகைகளாகவே கருதுகிறது. பாலிசைதீமியா வேரா நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் ஜாக்2 மரபணு மாற்றம் இருப்பது 2005இல் தெரியவந்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11, இவ்விரண்டையும் இரத்தப் புற்றுநோய்களின் வரிசைக்கே மாற்றிவிட்டது. நம்மிடம் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் பகுதி மட்டும் இன்னும் ஐ.சி.டி.-10 எண்ணையே கேட்கிறது.

இதைப் பழைய எண்ணின் பிழை என்று மட்டும் சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள இயலாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த புற்றுநோய் வரையறையில், தன்மை அறியப்படாத கட்டிகள் விலக்கப்பட்டுள்ளன என்பது உண்மை. ஆனால் அவ்வரையறை, திசுப் பரிசோதனையில் அவ்வாறு விவரிக்கப்பட்ட கட்டிகளையே பேசுகிறது. அளவுகோல் நோயியல் மருத்துவரின் அறிக்கையே; குறியீட்டுப் பட்டியலின் தலைப்பு அன்று. எண்ணைப் பார்த்து மறுப்பவர்கள் மஜ்ஜை அறிக்கையைப் படிக்கவில்லை என்றே கருதுகிறேன்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு. முதன்முறை சேர்க்கும்போது ‘இரத்தசோகை’ என்று எழுதி, டி64.9 என்ற பொதுவான எண்ணை இட்டுவிடுகிறோம். மஜ்ஜை அறிக்கை பத்து நாள் கழித்து வருகிறது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி திருத்தப்படுவதில்லை. நோயின் முழுப்பெயர், உட்பிரிவு, பிளாஸ்ட் அணுக்களின் விழுக்காடு, குரோமோசோம் முடிவு ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். இல்லையெனில் கேட்டு வாங்குங்கள். கேட்பதால் எந்த மருத்துவரும் வருந்தக் கூடாது.

இதற்கு நேர்மாறான வேண்டுகோளும் வருவதுண்டு. வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேளையில், புற்றுநோய் என்ற சொல்லே காகிதத்தில் வேண்டாம் என்பார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. தீவிரம் குறைந்த மைலோடிஸ்பிளாஸ்டிக் நோயுடன் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. அதைச் சொல்லித் தேற்றுவேன். ஆயினும் அறிக்கையில் உள்ளதை மாற்றி எழுத மாட்டேன். டி61 என்று எழுதப்படும் அப்லாஸ்டிக் அனீமியா புற்றுநோயன்று என்பதையும் இங்கேயே கூறிவிடுகிறேன். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்றதும் பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

மறுப்பு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மஜ்ஜை அறிக்கையையும் மருத்துவரின் விளக்கக் கடிதத்தையும் இணைத்து எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ, பதில் நிறைவளிக்கவில்லையென்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

சத்திரப்பட்டி அன்பருக்கு நான் இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முறையீடு இன்னும் நிலுவையில் உள்ளது. அவர் தந்தை வழக்கம்போல் மூன்றாம் வாரம் இரத்தம் ஏற்றிக்கொள்ள வருகிறார்.