தங்கவயல் வீடுகளுக்கு ஏற்ற கூரைக் காப்பு

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. ஆயினும் 'லைன்' என வழங்கும் தொழிலாளர் குடியிருப்புகளில் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். அங்குள்ள தகடு வேய்ந்த வீடுகள் கோடைப் பகலில் கொதிக்கின்றன. ஊர் 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளமையால் மார்கழி இரவில் விரைவில் குளிர்ந்துவிடுகின்றன. இவற்றிற்குக் கூரைக் காப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எப்பொருளைக் கொண்டு அதனை அமைப்பது என்பதே ஆராயத்தக்கது.

வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும் பொருளே சிறந்தது என்பது பொதுவான எண்ணம். இந்த ஓர் அளவுகோல் மட்டும் போதாது. அமெரிக்காவில் லிபி என்னும் சுரங்க ஊரில் 1990 வரை வெர்மிகுலைட் தோண்டப்பட்டது. வெப்பத்தை நன்கு தடுத்தமையால் அது எண்ணற்ற வீடுகளின் மச்சுகளில் பரப்பப்பட்டது. ஆனால் அதனுடன் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசியைச் சுவாசித்தவர்கள் நோயுற்றனர். 2009-இல் அவ்வூரில் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது.

பாறைத் தூசியால் நுரையீரல் கெடும் சிலிக்கோசிஸ் நோயைத் தங்கவயல் நன்கறியும். அத்தகைய ஊரில் வீட்டிற்குள்ளும் தூசியைக் கொணர்வது முறையாகாது. கூரை கல்நார்த் தகடாயின் அதனை அறுத்தலும், துளையிடுதலும், உலரத் தேய்த்தலும் கூடா. அதன்மேல் ஏறி நடப்பதும் ஆபத்தே. தகடு திடீரென முறியும்.

முதற்படி, தகட்டின் வெளிப்புறம் வெண்ணிறம் பூசி வெயிலைத் திருப்பிவிடுவது. மழையில் கரையும் சுண்ணாம்பைக் கோடைதோறும் புதுப்பித்தல் வேண்டும். இரண்டாவது, தகட்டைத் தொடாமல், சுவரையோ கூரைச் சட்டத்தையோ ஆதாரமாகக் கொண்டு உட்கூரை அமைப்பது. இடையில் நிற்கும் காற்றே ஒரு காப்பாகும். இரவுக் குளிருக்கும் அது உதவும்.

உட்கூரையின்மேல் காப்புப் பொருள் பரப்ப விரும்புவோர் தெர்மோகோலையும் பாறைக் கம்பளியையும் ஒப்பிடுவர். வெப்பத்தைத் தடுப்பதில் இரண்டும் ஏறத்தாழச் சமமே. ஆனால் தெர்மோகோல் எளிதில் தீப்பற்றி நச்சுப்புகை கக்கும். அடுப்பெரியும் சிறு வீட்டிற்கு அது ஏற்றதன்று. பாறைக் கம்பளி தீயைத் தாங்கும். எனினும் அதன் இழைகள் தோலையும் கண்ணையும் உறுத்துமாதலின், அதனைப் பலகையால் நன்கு மூடவேண்டும்.

எனவே களப்பணியாளர் விலையையும் வெப்பத்தடையையும் கூறுவதோடு நில்லாமல், தூசி, தீ ஆகிய இரண்டையும் சேர்த்தே எடுத்துரைத்தல் வேண்டும். பள்ளியில் வெப்பக் கடத்தலைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் மாணவரின் வீட்டுக் கூரையினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை.