ஹால்ல ராக்கெட்... பின் ரூம்ல கட்டை வண்டி!

ஹால் சோபாவில் உட்கார்ந்தா கிரிக்கெட் மேட்ச் தண்ணியா ஓடுது. அதே மொபைலோடு பின் ரூமுக்குப் போனா, வட்டம் சுத்துது. ஆனா, ஆன்லைன் டெஸ்ட்டோ, கேம்பஸ் இன்டர்வியூவோ வந்தா, கதவைச் சாத்திக்கிட்டு அந்த ரூம்லதானே உட்கார்ந்தாகணும்? உடனே கஸ்டமர் கேருக்கு போனைப் போட்டுத் திட்டாதீங்க பாஸ். 'பெரிய பிளானுக்கு மாறிடுங்க சார்'னு கூலா சொல்வாங்க. அப்பா பர்ஸ் இளைக்கும். வட்டம் அதே மாதிரி சுத்தும்!

முதல்ல வியாதி எங்கேன்னு பார்ப்போம். லேப்டாப்பை லேன் கேபிளால் நேரா ரூட்டரில் செருகி, ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்க. பிளானில் சொன்ன ஸ்பீடு கிட்டத்தட்ட வந்தா, குற்றவாளி உங்க வீட்டுச் சுவர்தான். அங்கேயே வரலைன்னா, தாராளமா சண்டை போடுங்க. ஆனா, சண்டைக்கு முன்னாடி ஒரு கணக்கு. 100 எம்.பி.பி.எஸ்.னா (மெடிக்கல் சீட் இல்லைங்க!) அது மெகா பிட். டவுன்லோடு ஆகும்போது பெரும்பாலும் காட்டுவது மெகா பைட். 8ஆல் வகுத்தா நொடிக்கு 12.5தான் வரும்.

சுவர் கதைக்கு வருவோம். இப்போ வர்ற ரூட்டர்கள் பெரும்பாலும் ரெண்டு அலைவரிசையில் பேசும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமான ஆளு, ஆனா சுவரைக் கண்டா சுருண்டுடுவார். 2.4 நிதானம், ஆனா ரெண்டு சுவர் தாண்டியும் எட்டிப் பார்ப்பார். தூர ரூமில் 2.4க்கு மாறிப் பாருங்க. அப்பார்ட்மென்ட்வாசிகளுக்கு இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 2.4ல் ஒண்ணோடு ஒண்ணு இடிச்சுக்காத சேனல்கள் 1, 6, 11னு மூணே மூணு. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் அதில்தான் கும்மி அடிக்குது. ரூட்டர் செட்டிங்ஸில் போய் கூட்டம் குறைவான சேனலைப் பிடிங்க. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அவன் வேற... அவனும் 2.4 ஏரியாக்காரன்தான்!

அப்புறம், ரூட்டர் எங்கே இருக்கு? ஃபைபர் ஒயர் எந்த ஜன்னல் வழியா நுழைஞ்சுதோ, அங்கேயே ஓர் ஆணியில் தொங்கும். இல்லைன்னா டிவிக்குப் பின்னாடி, பீரோவுக்குப் பக்கத்தில். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும்ங்க. வீட்டு நடுவில், உயரமா, திறந்த இடத்தில் வைங்க. ஃபைபரை மட்டும் நீங்களே மடக்கி இழுக்காதீங்க. உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

'ரிப்பீட்டர் வாங்கி மாட்டுங்க தம்பி'ன்னு கடைக்காரர் சொல்வார். சிக்னலே வராத ரூமில் மாட்டினா அது எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் மாட்டணும். அப்பவும் சாதா ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே அனுப்புறதால ஸ்பீடு பாதியாகும்.

என் ஓட்டு கேபிளுக்குத்தான். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். வீட்டில் பழைய ரூட்டர் சும்மா கிடந்தா, ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டு கேபிளின் மறுமுனையில் மாட்டிடலாம். கிரிம்ப் பண்றவர்கிட்ட நாலு ஜோடி ஒயரையும் போடச் சொல்லுங்க, ரெண்டு ஜோடின்னா 100ஐத் தாண்டாது. வாடகை வீடா? டிரில்லிங் மெஷினைக் கையில் எடுக்குறதுக்கு முன்னாடி, ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை!