ஒரு சன்னலுக்காக ஒரு வீடே கட்டுவார்களா?

ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். உலாவியில் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் மேலே ஒரு பட்டை வந்து நிற்கும்: எங்கள் டெஸ்க்டாப் செயலியைத் தரவிறக்குங்கள், இன்னும் சிறப்பாக இருக்கும். சரி என்று 100 மெகாபைட்டுக்கு மேல் இறக்கி, நிறுவி, திறந்து பார்த்தால்... அதே தளம்! அதே பொத்தான்கள், அதே நிறம், சுற்றிக்கொண்டே இருக்கும் அதே சக்கரம். முகவரிப் பட்டையை மட்டும் காணோம். இதற்கா இத்தனை பாடு?

வலைத்தளத்தைத் தனிச் செயலியாக மாற்றுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது நல்ல யோசனை. மின்னஞ்சலும் அரட்டையும் நாற்பது டேப்களுக்கு நடுவே தொலைந்து போகாமல், தனிச் சன்னலில், தனிச் சின்னத்தோடு கீழே பணிப்பட்டையில் இருப்பது வசதிதான். அதை யார் செய்வது, யார் செலவில் செய்வது என்பதில்தான் என் சண்டை.

யோசனை பழசு. 2007-ல் மொசில்லா 'பிரிசம்' என்று ஒன்றை வெளியிட்டது. தளத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும், டெஸ்க்டாப்பில் அதைத் தனிச் செயலியாக வைத்துத் தரும். அதே ஆண்டு மேக் கணினிகளுக்கு 'ஃப்ளூயிட்' வந்தது. 2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தபோதே, ஒரு தளத்தைத் தனிச் சன்னலில் திறக்கும் குறுக்குவழியை உருவாக்கும் வசதி அதில் இருந்தது. இந்த மூன்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. முடிவு நம்முடையது. எந்தத் தளத்தை எடுத்து வெளியே வைக்கலாம் என்பதை நாமே தீர்மானித்தோம், தளக்காரர் வந்து செய்து தர வேண்டியதில்லை.

பிறகு காற்று திசை மாறியது. பிரிசம் 2011-ல் கைவிடப்பட்டது. கிட்ஹப் நிறுவனம் நிரல் எழுதும் தன்னுடைய 'ஏட்டம்' எடிட்டருக்காக 2013-ல் ஓர் அடித்தளத்தை உருவாக்கத் தொடங்கியது. 2015-ல் அதற்கு 'எலக்ட்ரான்' என்று பெயர் வைத்தார்கள். 2022 டிசம்பரில் ஏட்டம் மூடப்பட்டுவிட்டது. எலக்ட்ரானோ ஊரெல்லாம் பரவிவிட்டது. ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாம் அதில் கட்டியவைதான்.

எலக்ட்ரான் செய்வது இதுதான்: ஒவ்வொரு செயலியின் உள்ளேயும் குரோமியம் உலாவியை முழுசாக வைத்து, கூடவே நோட்.ஜேஎஸ்ஸையும் சேர்த்துப் பொட்டலம் கட்டுவது. இப்படி நான்கு செயலி நிறுவினால், உங்கள் கணினியில் நான்கு உலாவி கூடுதலாகக் குடியேறிவிட்டது என்று பொருள். ஒன்றுக்கொன்று எதையும் பகிர்ந்துகொள்ளாது. வட்டில் தனி இடம், நினைவகத்தில் தனி இடம். ஏற்கெனவே ஓர் உலாவி திறந்து கிடக்கிறதே, அதைப் பயன்படுத்தக்கூடாதா என்றால், கூடாதாம்! தெருவைப் பார்க்க ஒரு சன்னல் வேண்டும் என்றால் சுவரில் ஒரு சன்னல் வைப்போமா, பக்கத்தில் இன்னொரு வீடு கட்டி அதில் சன்னல் வைப்போமா?

நிறுவனத்துக்கு இதில் லாபம் உண்டு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனிக் குழு வைத்துச் சம்பளம் தர வேண்டாம். ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும். மிச்சமாவது அவர்கள் பணம். செலவாவது நம் ரேம். 32 ஜிபி ரேம் உள்ள கணினியில் உட்கார்ந்து செயலி எழுதுபவருக்கு இது உறைக்காது. 4 ஜிபி லேப்டாப்பில் ஒரு பக்கம் வகுப்பு, ஒரு பக்கம் அரட்டை, ஒரு பக்கம் பிடிஎஃப் என்று திறந்து வைத்திருக்கும் மாணவருக்குத்தான் உறைக்கும். நினைவகம் போதாமல் கணினி வட்டை உருட்ட ஆரம்பிக்கும். சுட்டி நகராது. "லேப்டாப் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று வீட்டில் பேச்சு தொடங்கும். நன்றாக இருக்கும் கணினியைப் பழசாக்கியது யார்?

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் மைக்ரோசாப்டைப் பாருங்கள். 2023-ல் அவர்கள் டீம்ஸை எலக்ட்ரானிலிருந்து எடுத்து, எட்ஜ் உலாவியின் இயந்திரத்தைப் பொதுவாகப் பயன்படுத்தும் வெப்வியூ2-க்கு மாற்றினார்கள். புதியது பாதி நினைவகமே எடுக்கும் என்று அவர்களே அறிவித்தார்கள். உள்ளே வேறு பலவற்றையும் திருத்தி எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் அத்தனை காலமும் அந்த மீதிப் பாதியை யார் சுமந்தது?

அடுத்தது பாதுகாப்பு. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் நிரல்தொகுப்பில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. பொல்லாத படம் ஒன்றைக் காட்டியே கணினிக்குள் நுழையலாம். குரோம் உடனே திருத்தம் வெளியிட்டது. உலாவியை மூடித் திறந்தால் முடிந்தது. எலக்ட்ரான் செயலிகளின் கதை வேறு. எலக்ட்ரான் திருத்த வேண்டும், பிறகு ஒவ்வொரு செயலிக்காரரும் அந்தத் திருத்தத்தை எடுத்து, மறுபடி பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். உங்கள் கணினியில் உள்ள எந்தச் செயலிக்குள் எந்த வயது குரோமியம் உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

முகவரிப் பட்டை போவதையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நாம் யாருடைய வாசலில் நிற்கிறோம் என்று காட்டும் பெயர்ப்பலகை அது. கூடவே உலாவியில் நாம் சேர்த்து வைத்த நீட்சிகளும் போகும். விளம்பரத் தடுப்பான், தமிழில் தட்டச்சு செய்ய உதவுபவை, அகராதி எதுவும் அந்தப் பொட்டலத்துக்குள் வராது. உலாவியில் நாம் வீட்டுக்காரர். அங்கே போனால் வாடகைக்காரர்.

எதிர்த்தரப்பு வாதமும் உண்டு. எலக்ட்ரான் இல்லாவிட்டால் லினக்ஸ்காரர்களுக்குப் பல செயலிகள் கிடைத்தே இருக்காது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். 2015-ல் வந்த விஎஸ் கோடும் எலக்ட்ரான்தான், அது அருமையான கருவி என்பார்கள். அதையும் ஒத்துக்கொள்கிறேன். அது நம் கோப்புகளைத் தொட வேண்டும், டெர்மினலை ஓட்ட வேண்டும். அதற்கு வீடு தேவை, கட்டினார்கள். ஆனால் நான்கு வரி அரட்டைக்கும், செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கும் பட்டியலுக்கும் எதற்கு வீடு? அறிவிப்பு வர வேண்டும், இணையம் இல்லாதபோதும் திறக்க வேண்டும் என்றால், அதற்கேற்ப எழுதப்பட்ட தளம் உலாவி வழியாகவே இரண்டையும் செய்யும்.

வழி இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. குரோமிலும் எட்ஜிலும் மெனுவைத் திறந்தால் தளத்தைச் செயலியாக நிறுவும் வசதி உண்டு. ஆப்பிள் 2023-ல் சோனோமாவோடு சஃபாரியில் அதைக் கொண்டுவந்தது. பிரிசம் தந்த மொசில்லாதான் கொஞ்சம் தடுமாறியது. ஃபயர்ஃபாக்ஸில் சோதனையாக வைத்திருந்த இதே வசதியை 2021-ல் நீக்கியது. 2025 செப்டம்பரில் 143-ஆம் பதிப்பில், விண்டோஸுக்கு மட்டும், திரும்பக் கொண்டுவந்தது. இந்த வழியில் நிறுவினால் உலாவி ஒன்றுதான், திருத்தமும் ஒன்றுதான். வேண்டாமென்றால் ஒரு சொடுக்கில் போய்விடும்.

அதனால் மக்களே, அடுத்த முறை ஒரு தளம் தன் டெஸ்க்டாப் செயலியை நீட்டினால், அது உலாவியில் செய்யாத எதைச் செய்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தரவிறக்காதீர்கள். மெனுவைத் திறந்து நீங்களே நிறுவிக்கொள்ளுங்கள். அவர்கள் மிச்சம் பிடிக்கும் சம்பளத்துக்கு நம் லேப்டாப் ஏன் மூச்சு வாங்க வேண்டும்?